ஒற்றைக் கீழறை இதயமும் கணினியும்

நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. அவற்றுள் மிகக் கடினமான ஒன்று, இரண்டு கீழறைகளில் ஒன்று வளராமலே போய்விடுவது. இந்தக் குழந்தைகளுக்காக ரத்த ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் பற்றிச் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: ரத்தம் எப்படி ஓடும் என்பது அனுபவமுள்ள மருத்துவருக்கே தெரியும், கணக்கு எதற்கு?

1968இல் பிரான்சின் போர்டோ நகரில் பிரான்சிஸ் ஃபான்டன் துணிச்சலான ஓர் அறுவை சிகிச்சை செய்தார். உடலிலிருந்து திரும்பும் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை, கீழறையின் உதவி இல்லாமலே நுரையீரலுக்கு அனுப்பினார். இருக்கிற ஒரு நல்ல கீழறைக்கு உடல் முழுக்க ரத்தம் தள்ளவே நேரம் சரியாக இருக்கும். நுரையீரலுக்குத் தள்ளுவது யார்? துடிக்கும் வலது மேலறை உதவும் என்று அன்று நம்பினார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் 1988இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மார்க் டி லெவால் குழு ஆய்வுக்கூட மாதிரிகளில் அளந்தபோது உண்மை தலைகீழாக இருந்தது. அந்த அறை சுழல்களை உண்டாக்கி ஆற்றலைத் தின்றது. வழுவழுப்பான நேர்ப்பாதையே மேல் என்று தெரிந்தது. 1996இல் அவரே மிலான் பொறியாளர்களோடு சேர்ந்து கணினிக்குப் போனார். மேலிருந்தும் கீழிருந்தும் வரும் இரு பெருஞ்சிரைகளின் ஓட்டம் மோதி ஆற்றல் வீணாவதையும், இணைப்பின் வடிவத்தை மாற்றினால் அந்த இழப்பு குறைவதையும் அவர்கள் காட்டினார்கள். பம்ப் இல்லாத ஓட்டத்தில் இந்தச் சிறு மிச்சமும் பெரிது.

நம்பிக்கை: ரத்தம் அணுக்கள் நிறைந்தது, அதைக் கணக்கிடவே முடியாது.

சிவப்பணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர். பெருஞ்சிரை அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அகலம். அங்கே ரத்தத்தைச் சாதாரணத் திரவமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: கணினி காட்டியதே நடக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து குழந்தையின் ரத்தக்குழாய் வடிவம் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக் கட்டும் கணினி மாதிரி ஓரிடத்தில் முடிய வேண்டும். அதற்கு அப்பால் நுரையீரல் எவ்வளவு எதிர்ப்புக் கொடுக்கும் என்பதை மனிதர்தான் சொல்லித் தரவேண்டும். அது தவறினால் கணினி வரையும் வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கல்லீரலிலிருந்து வரும் ரத்தம் கிடைக்காத நுரையீரலில் தமனியும் சிரையும் முறையின்றி இணைந்துவிடலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். இரு நுரையீரலுக்கும் அந்த ரத்தம் சமமாகப் போக, கவட்டை போலப் பிரியும் குழாயைப் பொறியாளர் ஆலிசன் மார்ஸ்டன் குழு கணினியில் வடிவமைத்தது. உண்மையான குழந்தைகளுக்குப் பொருத்தியபோது சிலருக்குச் சமமாகப் பிரிந்தது, சிலருக்குப் பிரியவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்தத் துறையை நான் நம்புவதற்கு அதுவே காரணம். இரண்டு மூன்று திட்டங்களில் எது தேறும் என்று ஒப்பிடத்தான் சிமுலேஷன் உதவுகிறது.

உங்கள் குழந்தைக்கென இப்படி ஒரு படத்தை மருத்துவர் காட்டினால் தயங்காமல் கேளுங்கள்: எந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டீர்கள், ஓடி விளையாடும்போது இந்த ஓட்டம் எப்படி மாறும்?