விதைநெல்லின் குறை களைதல்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களில் நெல்வயல்கள் மாரிமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. போகம் ஒன்றே. முளையாத விதை விழுந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். அவ்விழப்பை ஈடுசெய்ய அடுத்த மாரிவரை காத்திருத்தல் வேண்டும். ஆதலால் விதையின் குறை வயலிலன்று, விதைப்பதற்கு முன்னரே வெளிப்படல் வேண்டும்.

சுளகினாற் புடைத்தால் பதர் நீங்கும். அரைகுறையாக மணிபிடித்த நெல் நீங்காது. இதற்கான உப்புநீர் முறையை 1882ஆம் ஆண்டில் யப்பானிய நாட்டு ஃபுக்குவோக்கா விவசாயப் பாடசாலையின் ஆசிரியர் யோக்கோய் தோக்கியோஷி வகுத்தார். 10 லீற்றர் நீரில் ஏறத்தாழ 1½ கிலோகிராம் உப்பைக் கரைத்து, புதிய கோழிமுட்டை ஒன்றை இடுக. முட்டை மிதந்து, அதன் மேற்புறம் ஒரு நாணயமளவு வெளியே தெரியுமாயின் நீர் பதமாயிற்று. கடல்நீர் போதாதோ எனச் சிலர் வினவக்கூடும். போதாது, அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு, புதிய முட்டை அதில் அமிழ்ந்துவிடும்.

நெல்லைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி, மிதப்பவற்றை அகற்றுக. நீரின் பதம் குறையுமாதலால் இடையிடையே முட்டையை இட்டுப் பார்த்து உப்புச் சேர்க்க. அமிழ்ந்த நெல்லை உடனே நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவுக. புழுதி விதைப்பாயின் நிழலில் உலர்த்துதல் அவசியம். எஞ்சிய உப்புநீரைக் கிணற்றருகிலோ தோட்டத்திலோ ஊற்றலாகாது. தீவுகளின் நன்னீர் அத்துணை அருமையானது.

மிதந்த நெல்லைக் கோழிக்கு வீசுமுன் அளந்து குறித்துவைத்தல் நன்று. அது மிகுதியாயின், மணிபிடிக்குங் காலத்தில் நீர் குறைந்ததோ, முற்றுமுன் அறுத்ததோ என ஆராய்க. உப்புநீர் எல்லாக் குறையையும் காட்டிக்கொடாது. உழவு இயந்திரத்தால் சூடடிக்கையில் உமி உரிந்த மணி அமிழும். முற்றிய களைநெல்லும் அமிழும். முன்னதைச் சூடடிக்கும்போதே தவிர்த்தல் வேண்டும். பின்னதற்கு விதைவயலிற் கதிர் பார்த்துப் பிடுங்குதலும், வேறு வயலிலிருந்து வரும் அறுவடை இயந்திரத்தைத் துப்புரவாக்கியபின் இறக்குதலுமே வழி.

இவ்வேலைகள் பெரும்பாலும் வீட்டார் கையிலும் கூலியாள் கையிலுமே உள்ளன. வாயாற் சொல்லிவிட்டுப் போவது பழக்குதல் ஆகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் புதியவரைப் பழக்கிய ஒழுங்கு இங்கும் பொருந்தும்: ஆளை ஆயத்தப்படுத்துதல், காரணத்தோடு செய்துகாட்டுதல், அவரையே செய்யவைத்தல், பின்னர் வந்து பார்த்தல். கடைசிப் படியையே அநேகர் கைவிடுகின்றனர். முதலாம் கடகத்தைச் சரியாகச் செய்தவர் பத்தாம் கடகத்தில் முட்டையை மறந்துவிடுவார். அவரைக் கடிவதிலும், முட்டையை வாளியருகே வைத்துவிடுவது மேல்.

இறுதியாக முளைதிறன் பார்க்கப்படல் வேண்டும். எண்ணிய 100 மணிகளை ஈரச்சாக்கிற் பரப்பிச் சுருட்டி, காயாமல் நிழலில் வைத்து, ஏழாம் நாள் எண்ணுக. 85க்குக் குறைந்தால் அவ்விதை ஏற்றதன்று. கனத்த மணியும் முளைக்கவில்லையெனில் குறை உலர்த்தியதிலோ சேமித்ததிலோ இருக்கும்; ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்பட்ட நெல்லைச் சாக்கிற் கட்டிவைத்தல் பெருந்தவறு. கத்தரி, மிளகாய் விதைகளுக்கு உப்புநீர் வேண்டாம். எண்ணி முளைக்கவைக்கும் சோதனையை மட்டும் செய்க, நாட்கள் சற்றுக் கூடும்.

விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே இச்சோதனையை முடித்தால், வேறு விதை தேடிக் கமநல சேவை நிலையத்துக்குச் செல்ல அவகாசம் இருக்கும்.