மொட்டை மாடிக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

ஒளி என்றதும் விருதுநகர் மாவட்டத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவன மத்தாப்பும் புஸ்வாணமுமே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த காலம் தொட்டு, சிவகாசி நாடு முழுவதற்கும் நெருப்பையும் ஒளியையும் செய்து அனுப்பி வருகிறது. ஆனால் அந்த ஒளியைச் செய்யும் இடத்தில் விளக்குக்கு இடமில்லை என்பது வியப்பன்றோ! எங்கள் பக்கத்தில் 'பயராபீசு' என்று சொல்லும் பட்டாசு ஆலைகளில் மருந்து வேலை பகல் வெளிச்சத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்பது விதி. அறைகள் சிறியவை, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்டவை. வாசல் வழியே வரும் பகலொளியே அங்கே விளக்கு. ஒரு சிறு மின்பொறியும் ஆகாது என்பதால், உடலில் தேங்கிய மின்சாரம் நிலத்தில் இறங்கிவிடும்படி உலோகத் தகடு ஒன்றைத் தொட்டுவிட்டு உள்ளே போகும் ஏற்பாடும் உண்டு. பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது.

விளக்கு எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று அங்கே கட்டுவதற்கு முன்பே எண்ணிப் பார்க்கிறார்கள். நம் வீடுகளில் நாம் அப்படி எண்ணுவதில்லை. வீடு கட்டி, சுண்ணாம்பும் அடித்து, புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "மாடிக்கு ஒரு லைட் போட்டுவிடுங்கள்" என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்கிறோம். அவரும் மாடி அறைச் சுவரில், ஏணி எட்டும் உயரத்தில், ஒரு ஃபோகஸ் லைட்டை மாட்டிவிட்டுப் போகிறார். மொட்டை மாடிக்கும் தோட்டத்துக்கும் முறையாக விளக்கு அமைப்பது எப்படி என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

நம் ஊரில் மொட்டை மாடி என்பது பாதி வீடு. பகலில் வற்றலும் மிளகாயும் காய்வது அங்கே. மாலையில் துணி எடுக்கப் போகிறோம். தேர்வு நெருங்கினால் புத்தகத்தோடு போகிறோம். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் குடும்பமே பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். கார்த்திகைக்கு அகல் வரிசையும், டிசம்பரில் காகித நட்சத்திரமும் ஏறுவது அதே கைப்பிடிச் சுவர்மேல். இத்தனைக்கும் ஒரே விளக்கு, அதுவும் கண்ணைக் குத்தும் விளக்கு, போதும் என்று நினைப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

ஒளியை இரு வகையாகப் பிரித்துக்கொள்வோம். நாம் பார்ப்பதற்கென்றே உள்ள ஒளி ஒன்று. மத்தாப்பு, அகல், நட்சத்திரம் எல்லாம் இவ்வகை. வேறொரு பொருளை நமக்குக் காட்டித் தருகிற ஒளி மற்றொன்று. படிக்கட்டு விளக்கும் பாதை விளக்கும் இவ்வகை. முதல் வகை கண்ணில் பட வேண்டும். இரண்டாம் வகை கண்ணில் படக் கூடாது. அது விழுகிற இடம் மட்டும் தெரிய வேண்டும். சுவரின் உச்சியில் மாட்டிய ஃபோகஸ் லைட்டோ, படியைக் காட்ட வந்துவிட்டுத் தன்னையே காட்டிக்கொண்டு நிற்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பத்தா, மழை வரும்போல் இருக்கிறதே என்று இரவில் வற்றல் அள்ள மாடிக்குப் போனார்கள். கூடையோடு இறங்கும்போது கடைசிக்கு மூன்றாம் படியில் கால் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விளக்கு இல்லாமலா? நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது, அவர்கள் முதுகுக்குப் பின்னால். அவர்கள் நிழலே அவர்கள் காலடியில் விழுந்து படியை மறைத்துவிட்டது. "வெளிச்சம் கிடந்துச்சு தாயி, படிதான் தெரியல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அப்பத்தா சொன்னதைக் கேட்ட பிறகே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். முதியோர்க்கு இடுப்பெலும்பு முறிந்தால் நடமாட்டமே நின்றுபோவதும் உண்டு.

கண்ணும் வயதுக்கேற்ப மாறுகிறது. அறுபது வயதானவரின் விழித்திரைக்கு, இருபது வயதினர்க்குச் சேரும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே சென்று சேர்கிறது. கண்மணி சுருங்குவதும், கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து மங்குவதும் காரணங்கள். ஆகவே பாட்டிக்கு நம்மைவிட அதிக ஒளி வேண்டும். ஆனால் நேரே அடிக்கும் விளக்கால் கண் கூசுவதும் அவர்களுக்கே அதிகம். பெரிய பல்பாக வாங்கி மாட்டினால் போதும் என்பவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ஒளி தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதை நம்பாதவர்கள் ஓர் எண்ணெய்ப் பொட்டைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாம். ஜெர்மானிய விஞ்ஞானி புன்சன் (நம் ஆய்வுக்கூடத்து புன்சன் அடுப்பின் புன்சன்தான்) கையாண்ட முறை இது. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு துளி நல்லெண்ணெய் விட வேண்டும். எண்ணெய்க்கு விருதுநகரில் பஞ்சமா! அந்தத் தாளை இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருட்டறையில் நிறுத்த வேண்டும். நாம் பார்க்கும் பக்கத்தில் ஒளி குறைவானால் பொட்டு வெளுப்பாகத் தெரியும். அதிகமானால் கறுத்துத் தெரியும். இரு பக்கமும் சமமானால் பொட்டு மறைந்தே போகும்.

நாங்கள் மெழுகுவர்த்தி ஒன்றைத் தாளுக்கு 1 அடியில் வைத்து, மறுபக்கம் 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தாளுக்கு நேராக வைத்து மெல்ல மெல்லப் பின்னே நகர்த்தினோம். 10 அடிக்குச் சற்று அப்பால் போன பின்னரே பொட்டு மறைந்தது. 10-இன் வர்க்கம் 100 அல்லவா? ஆக, நேர் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு அந்தப் பல்பு நூறு மெழுகுவர்த்திகளுக்கும் மேல்!

ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவால் குறிப்பர். ஒரு மெழுகுவர்த்தி 1 மீட்டர் தூரத்தில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். முழு நிலவு தலைக்கு மேல் நிற்கும்போது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுமார் கால் லக்ஸ்தான். அதாவது, 2 மீட்டர் தூரத்தில் எரியும் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அந்தக் கால் லக்ஸில் நாம் மாடியில் வட்டமாக உட்கார்ந்து நிலாச்சோறு உண்கிறோம். தண்ணீர்ச் செம்பைத் தடுமாறாமல் எடுக்கிறோம். கொலுசு திருகாணி விழுந்தால்கூடத் தேடிப் பார்க்கிறோம். இருட்டுக்குக் கண் பழகிவிட்டதே காரணம். நன்கு பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஃபோகஸ் லைட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாலோ அந்தப் பழக்கம் சட்டென்று கலைந்துவிடும். பிறகு விளக்கொளி படாத மூலையெல்லாம் குகையாகத் தோன்றும். நம் மாடியில் பல இடங்கள் இருட்டாக இருப்பதற்கு வெளிச்சக் குறைவைவிட வெளிச்ச மிகுதியே காரணம் எனலாம்.

படிக்கட்டில் நிலவொளியை நம்பிவிட வேண்டாம். அங்கே நல்ல ஒளி வேண்டும். அது சரியான திசையிலிருந்து வர வேண்டும். பக்கச் சுவரில், முழங்காலுக்குக் கீழே, மேற்புறம் மூடிய சிறு விளக்கை மூன்று படிக்கு ஒன்றாகப் பதித்தால், ஒளி படியின்மேல் மட்டும் விழும். பக்கத்திலிருந்து வருவதால் நம் நிழல் மறுபக்கச் சுவருக்குப் போய்விடும். 1 வாட், 2 வாட் போதும். விளக்குக்கும் படிக்கும் இடையே ஓர் அடிதானே தூரம்! முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் விளக்கு கட்டாயம் வேண்டும். படி முடிந்துவிட்டது என்று எண்ணிக் காலை வைப்பதும், இன்னும் ஒரு படி உண்டென்று எண்ணி வைப்பதும் அங்கேதான் நிகழ்கின்றன.

செலவே இல்லாத உபாயமும் உண்டு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டால், கறுத்த சிமெண்டுக்கு நடுவே அது மங்கிய ஒளியிலும் தனித்துத் தெரியும். வெயிலின் சூடு தணிய மாடித் தரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வீடுகளில் இரவிலும் அதன் பலன் கிடைக்கிறது. வெள்ளைத் தரை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதால் பாதி விளக்கு மிச்சம். மாடியின் நடுப்பகுதிக்குக் கைப்பிடிச் சுவரின் உட்புறம் தரையை நோக்கிய இரண்டு விளக்குகள் போதும். அதுவும் சுவிட்சு போட்டால் மட்டும் எரியட்டும். எதிர் மாடியிலும் மனிதர்கள் தூங்குகிறார்கள். மே மாதத்தில் எதிர் வீட்டு ஃபோகஸ் லைட்டுக்கு நேரே படுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டியது கால் வைக்கும் இடம். கரிசல் காட்டிலும் செம்மண்ணிலும் இரவில் இரை தேடித் திரியும் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் நம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. உயரத்திலிருந்து அடிக்கும் விளக்கில் தரை முழுவதும் ஒரே வெளுப்பாகத் தோன்றும். ஒரு முழ உயரத்திலிருந்து தரையைத் தடவிச் செல்லும் ஒளியில் சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். குச்சிக்கும் பாம்புக்கும் வேற்றுமை தெரியும். ஆனாலும் கையில் டார்ச் இல்லாமல் தோட்டத்துக்குள் போகலாகாது.

செடிகளே விளக்குக்குத் துணை செய்வதும் உண்டு. பொழுது சாயும்போது செம்பருத்தியைக் கவனித்திருக்கிறீர்களா? பகலில் தீயாக நின்ற பூ மங்கலில் கறுத்துப்போகும். பக்கத்து இலை அதைவிட வெளுப்பாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 1819-இல் கண்டு சொன்ன உண்மை இது. ஒளி குறையும்போது நம் கண் முதலில் இழப்பது சிவப்பை. ஆகவே பாதையோரத்தில் நந்தியாவட்டையும் மல்லிகையும் வைத்தால், அரை வெளிச்சத்திலும் ஓரம் எது என்று அவையே காட்டும். மணம் வேறு இலவசம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். எல்.இ.டி. பெட்டியில் 2700, 6500 என்று கெல்வின் எண் அச்சிட்டிருக்கும். 2700 அகல் விளக்கைப் போன்ற மஞ்சள். 6500 நீலம் கலந்த வெள்ளை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்தமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் கிடைத்த பின்னரே இன்றைய வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. வீட்டுக்குள் எதுவாயினும் சரி. வெளியில் மஞ்சளே நல்லது. நீலம் கலந்த ஒளிக்குப் பூச்சிகள் அதிகம் வரும். ஐப்பசி மழைக்குப் பின் வரும் ஈசல் கூட்டத்தைச் சோற்றுத் தட்டில் கண்டவர்கள் இதை அறிவார்கள். சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் தெருவிளக்கை நோக்கி நகர்ந்து மடிவதும் இத்தகைய ஒளி மயக்கத்தாலேயே.

வயரிங் வேலையில் சிக்கனம் கூடாது. வெளி விளக்குப் பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்தோடு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தூசியையும், இரண்டாவது தண்ணீரையும் தடுக்கும் திறனைக் காட்டும். ஐ.பி. 65 என்றால் தூசி புகாது. பீய்ச்சும் நீரும் புகாது. சன்ஷேடின் கீழ் 44 போதும். வெளி விளக்குகளின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். மழையில் நனைந்த தரை, வெறுங்கால், இரும்புக் கைப்பிடி மூன்றும் மாடியில் ஒன்றுசேர்கின்றன. தீபாவளிக்குச் சீரியல் செட்டை இரும்பு கிரில்லில் சுற்றி, ஒட்டுப்போட்ட வயரை டேப்பால் மூடிவிட்டு, அதன் கீழேயே கம்பி மத்தாப்பு கொளுத்துகிறோம். மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டும், வயரின் பி.வி.சி. உறை அதற்கு எம்மாத்திரம்?

செலவைக் கணக்கிடுவோம். 50 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் நாள்தோறும் 4 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 6 யூனிட். பழைய 500 வாட் ஹாலஜன் என்றால் 60 யூனிட். படிக்கும் மாடிக்குமாக 2 வாட் விளக்கு ஆறு எரிந்தால் 1.44 யூனிட் மட்டுமே. சூரிய விளக்கு வாங்குவோர், அது வேப்பமர நிழலில் நிற்காமலும் தகட்டில் தூசி படியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு நம் பக்கம் குறைவில்லை. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே அமைந்திருக்கிறது.

இந்த முறையில் எங்கள் பள்ளித் தோட்டத்துக்கும் ஒரு வரைபடம் போட்டு, தலைமைச் சகோதரி அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். விடுதியிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போகும் பாதையில் முழ உயரத்தில் எட்டு விளக்குகள், கிணற்றடியில் ஒன்று, மாடிப் படியில் ஐந்து. எல்லாம் 2 வாட், மஞ்சள் ஒளி. கிணற்றடி விளக்கும் படி விளக்குகளும் இந்த ஆண்டே வந்துவிட்டன. பாதை விளக்குகள் கோடை விடுமுறையில் வரும் என்று சகோதரி சொன்னார்கள். வேப்பமரத்தடிக்கு மட்டும் நாங்களே விளக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இரவில் அதில் மைனாக்கள் அடைகின்றன.