லாக் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பல திரெட்கள் ஒரே தரவைத் தொடும் இடத்தில் லாக் போட வேண்டும் என்பது நிரல் எழுதும் எல்லோருக்கும் தெரியும். அந்த லாக் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். இயங்குதளத்தின் கெர்னல் எழுதுபவர்கள் தினமும் மல்லுக்கட்டும் விஷயம் இது. அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைப் பார்க்கலாம்.

நம்பிக்கை: ஒரே வரியில் எழுதிய கணக்கு இடையில் அறுபடாது.

உண்மை: நமக்கு ஒரு வரி, பிராசஸருக்கு மூன்று வேலை. ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்ட, நினைவகத்திலிருந்து எண்ணை எடுக்க வேண்டும், கூட்ட வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். எண் 10 ஆக இருக்கும்போது இரண்டு திரெட்கள் ஒரே நேரத்தில் எடுத்தால், இரண்டும் 11 என்றே திரும்ப வைக்கும். 12 வர வேண்டிய இடத்தில் ஒன்று காணாமல் போயிருக்கும்; பிழைச் செய்தி எதுவும் வராது. மூன்றையும் பிரிக்க முடியாதபடி ஒரேயடியாக முடிக்கும் அட்டாமிக் கட்டளைகள் பிராசஸரில் தனியே உண்டு. இன்றைய லாக்குகள் அவற்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

நம்பிக்கை: லாக் எடுத்துவிட்டால் அந்தத் தரவை வேறு யாரும் தொட முடியாது.

உண்மை: தாராளமாகத் தொடலாம். லாக்கும் நினைவகத்தில் இருக்கும் ஒரு சிறு மாறிதான். அது காக்கும் தரவுக்கும் அதற்கும் வன்பொருளில் எந்த முடிச்சும் கிடையாது. ‘இந்தப் பட்டியலில் கை வைக்கும் முன் இந்த லாக்கை எடுக்க வேண்டும்’ என்று நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு நடப்பதால்தான் பாதுகாப்பு. நூறு இடங்களில் ஒழுங்காக எடுத்துவிட்டு ஓரிடத்தில் மறந்தால், அந்த நூறும் வீண். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் பல இடங்களில், எந்தத் தரவை எந்த லாக் காக்கிறது என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான். மற்ற நம்பிக்கைகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை: உடன்பாட்டைச் சுவர் என்று நினைத்துக்கொள்வது.

நம்பிக்கை: ஒரே ஒரு கோர் உள்ள கணினிக்கு லாக் தேவையில்லை.

உண்மை: ஒரு திரெட் பாதி வேலையில் இருக்கும்போதே கெர்னல் அதை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடலாம். மேலே சொன்ன எண்ணிக்கைப் பிழைக்கு அதுவே போதும். வன்பொருள் குறுக்கிட்டுக் கோரைக் கூப்பிடும் இன்டரப்ட் இன்னொரு தொல்லை. கிடைக்கும்வரை தூங்காமல் சுழன்று கேட்டுக்கொண்டே இருக்கும் லாக் வகை ஸ்பின்லாக். அப்படி ஒன்றைக் கையில் வைத்திருக்கும்போது நெட்வொர்க் கார்டு அதே கோரைக் கூப்பிடுகிறது, அதைக் கவனிக்கும் நிரலும் அதே லாக்கைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் சுழன்றுகொண்டே இருப்பார். கொடுக்க வேண்டியவருக்கு ஓட வாய்ப்பே வராது. அதனால்தான் லாக் எடுக்கும்போதே அந்தக் கோரில் இன்டரப்டையும் நிறுத்திவைக்கும் வகை ஒன்று லினக்ஸில் இருக்கிறது.

நம்பிக்கை: சுழன்று காத்திருப்பது வீண், தூங்கிக் காத்திருப்பதே நல்லது.

உண்மை: காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. டாக்டர் அறையிலிருந்து முந்தைய ஆள் வெளியே வரப்போகிறார் என்றால் வாசலிலேயே நிற்போம். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் வீட்டுக்குப் போய் வருவோம். திரெட்டைத் தூங்கவைத்து எழுப்பவும் நேரம் செலவாகிறது. லினக்ஸில் மியூட்டெக்ஸ் என்ற லாக் வகை 2009 முதல் இரண்டையும் செய்கிறது: லாக்கை வைத்திருப்பவர் வேறொரு கோரில் ஓடிக்கொண்டிருந்தால் சற்றுச் சுழன்று பார்க்கும், இல்லையென்றால் தூங்கும். ஸ்பின்லாக்கில் மட்டும் ஒரு கண்டிப்பு: அதை வைத்திருப்பவர் தூங்கக் கூடாது.

நம்பிக்கை: லாக் என்றாலே வேகம் போய்விடும்.

உண்மை: வேகத்தைக் குறைப்பது லாக்குக்கான போட்டி. லினக்ஸில் 2000-களின் தொடக்கத்தில் வந்த ஃபியூடெக்ஸ் முறையில், லாக்குக்குப் போட்டியே இல்லையென்றால் திரெட் கெர்னலைக் கூப்பிடுவதே இல்லை; ஓர் அட்டாமிக் கட்டளையோடு வேலை முடிந்துவிடும். யாராவது காத்திருக்க வேண்டி வந்தால்தான் கெர்னல் தலையிடும்.

போட்டி மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் லினக்ஸே சாட்சி. பல பிராசஸர்களை ஆதரித்த 2.0 பதிப்பு 1996-இல் வந்தபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக்தான். ஒரு நேரத்தில் ஒரு பிராசஸர் மட்டுமே உள்ளே போகலாம். அதைச் சிறிது சிறிதாக உடைத்து, 2011-இல் வந்த 2.6.39 பதிப்பில்தான் முழுவதும் நீக்கினார்கள். லாக்குகளைப் பெருக்குவதிலும் ஆபத்து உண்டு. ஒரு திரெட் முதல் லாக்கை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கும், இன்னொன்று இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதற்கும் காத்திருந்தால் இரண்டும் உறைந்துவிடும். எந்த வரிசையில் எடுப்பது என்பதிலும் உடன்பாடு வேண்டும்.

நம்பிக்கை: முன்னுரிமை அதிகம் கொடுத்த வேலை காத்திருக்காது.

உண்மை: செவ்வாய்க் கிரகத்தில் காத்திருந்தது. நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் திரட்டும் வேலைக்கு முன்னுரிமை குறைவு. தகவல் பாதையை நிர்வகிக்கும் வேலைக்கு அதிகம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மியூட்டெக்ஸ். வானிலை வேலை அதை எடுத்திருந்த நேரத்தில், நடுத்தர முன்னுரிமை உள்ள வேறு வேலைகள் குறுக்கே புகுந்து ஓடின. வானிலை வேலையால் லாக்கை விட முடியவில்லை. அதற்காக நின்ற பெரிய வேலையாலும் நகர முடியவில்லை. அது நேரத்துக்கு முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு கணினியை ரீசெட் செய்தது.

தீர்வு ஏற்கெனவே கையில் இருந்தது. பெரிய வேலை காத்திருக்கும்வரை லாக்கை வைத்திருக்கும் சிறிய வேலைக்கும் அதன் முன்னுரிமையைக் கடன் கொடுப்பது. இதை அலசிய பெயர்பெற்ற ஆய்வுக் கட்டுரை 1990-இல் வந்தது. அதை எழுதிய மூவரில் ஒருவர் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரகுநாதன் ராஜ்குமார். பாத்ஃபைண்டரில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்திலும் இந்த வசதி உண்டு. ஆனால் அந்த லாக்குக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிவிட்டார்கள்.

நம்பிக்கை: சோதனையில் தேறிய நிரலில் இத்தகைய லாக் பிழை இருக்காது.

உண்மை: பாத்ஃபைண்டரின் ரீசெட்டை ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலேயே பார்த்திருக்கிறார்கள், மறுபடி வரவழைக்க முடியவில்லை. 2016-இல் அம்பலமான ‘டர்ட்டி கவ்’ பிழை லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் இருந்தது. இரண்டு திரெட்கள் சரியான கணத்தில் மோதினால், சாதாரணப் பயனரும் தனக்கு எழுத அனுமதி இல்லாத கோப்பில் எழுதிவிடலாம். உலகமெங்கும் ஓடிய நிரலில் ஒன்பது ஆண்டுகள்!

அதனால்தான் கெர்னல்காரர்கள் விளைவை மட்டும் பார்க்காமல் உடன்பாட்டையே சோதிக்கிறார்கள். 2006-இல் லினக்ஸில் சேர்ந்த லாக்டெப், எதுவும் உறையாதபோதே லாக் வரிசை முரண்பட்டால் எச்சரிக்கும். 2020-இல் வந்த கேசிசான், ஒருங்கிணைப்பு இல்லாமல் ஒரே இடத்தைத் தொடும் திரெட்களைப் பிடிக்கும். கருவி இல்லாதவர்கள் நிரலைச் சரிபார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: இந்த வரி தொடும் தரவு எந்த லாக்குக்கு உட்பட்டது? இந்த இடத்தில் அந்த லாக் கட்டாயம் நம் கையில் இருக்குமா? பதில் தெரியாத நிரல், சோதனையில் எத்தனை முறை தேறினாலும் சரியானது என்று சொல்ல முடியாது.