செம்மண் காட்டுக்கு எந்த விதைப்பு?

ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்துச் செம்மண் காடுகளில் ஆண்டுதோறும் மக்காச்சோளமே விதைத்தால், மண்ணுக்குக் கிடைப்பது ஒரே வகை வேரும் ஒரே வகைத் தட்டையும்தான். வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும் மண்ணின் நுண்ணுயிர்களுக்கு முக்கிய உணவு. ஜெர்மனியின் யேனா நகரில் 2002-ல் தொடங்கிய ஆய்வில், 1 வகைச் செடி முதல் 60 வகை வரை தனித்தனிப் பாத்திகளில் வளர்க்கிறார்கள். வகை கூடிய பாத்திகளில் நுண்ணுயிர்களின் செயல்பாடும் மண்ணில் சேர்ந்த கரிமமும் கூடின.

நம் விவசாயிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

தனிப் பசுந்தாள்

அடுத்த பயிருக்குத் தழைச்சத்து சீக்கிரம் வேண்டுமென்றால் தக்கைப்பூண்டோ சணப்போ போதும். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை. வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். தண்டு முற்றிவிட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். அடுத்த பயிர் வெளுக்கும். தண்ணீர் குறைந்த காட்டுக்குக் கொளுஞ்சி ஏற்றது. வறட்சியைத் தாங்கும், ஆடுமாடும் எளிதில் வாய் வைக்காது.

பலதானிய விதைப்பு

பக்கத்துக் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் பண்ணையை உருவாக்கிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன முறை இது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, மசாலா, பசுந்தாள் என ஐந்திலும் நான்கு நான்கு, ஆக 20 வகை விதை. கம்பின் சல்லிவேர் மேல்மண்ணைத் துழாவும். ஆமணக்கின் ஆணிவேர் ஆழத்துச் சத்தை மேலே கொண்டுவரும். மடக்கி உழுத பின் பயறு இலை முதலில் மட்கும், சோளத்தட்டை மெல்ல மட்கும். அதனால் நுண்ணுயிர்களுக்கு உணவு இடைவிடாமல் கிடைக்கும். ஆனால் விதை சேகரிக்க அலைய வேண்டும், இரண்டு மாதம் நிலத்திலிருந்து வருமானம் இராது.

அடுத்துச் சின்ன வெங்காயம் நடுபவர்கள் இந்தக் கலவையில் கடுகைக் குறைத்துப் பயறைக் கூட்டுவது நல்லது. கடுகு வேரில் மைக்கோரைசா பூஞ்சை குடியேறாது. வெங்காயமோ மணிச்சத்தை எடுக்க அந்தப் பூஞ்சையைப் பெரிதும் நம்பியிருக்கும் பயிர்.

ஊடுபயிர்

மானாவாரிக்காரருக்கு ஒரு பருவத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அவருக்கு நிலக்கடலை 6 வரிசைக்குத் துவரை 1 வரிசை பொருந்தும். செம்மண்ணில் மணிச்சத்தின் பெரும்பங்கு இரும்போடு பிணைந்து கிடக்கிறது. துவரை வேர் கசியவிடும் அமிலம் அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது என்பதை ஹைதராபாத் அருகேயுள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்டார்கள். துவரை உதிர்க்கும் இலையும் மண்ணுக்கே போகும். மடக்கி உழும் அளவுக்குத் தழை மட்டும் இதில் கிடைக்காது.

எதைத் தேர்வது?

கிணற்றுப் பாசனம் இருந்து, நெல்லோ காய்கறியோ உடனே வைப்பதானால் தனிப் பசுந்தாள். பல ஆண்டு மக்காச்சோளம் கண்டு இறுகிப்போன நிலத்துக்குப் பலதானியம். சித்திரைக் கோடை மழையில் விதைத்து, ஐப்பசி மழைக்கு வெகுமுன்பே மடக்கி உழுதுவிடலாம். மழையை மட்டுமே நம்பிய நிலத்துக்கு ஆடிப்பட்டத்தில் துவரை ஊடுபயிர். முழு நிலத்தையும் மாற்றத் தயங்குபவர்கள் அரை ஏக்கரில் செய்து, முன்னும் பின்னும் மண் பரிசோதனையில் கரிம அளவைப் பார்க்கலாம்.