செம்பை அடித்தால் என்ன ஆகும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உலோகத்துக்குத் தகடாகும் பண்பு உண்டு என்று மனப்பாடம் செய்தும் புரியவில்லை என எழுதியிருந்தாய். அது புரிய வேண்டுமானால் எங்கள் புனேயின் கசபா பேட்டைக்கு வர வேண்டும். அங்கே தாம்பட் ஆளி என்றொரு தெரு. பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறிய கன்னார்களின் தெரு அது. செப்புத் தகட்டை அடித்து அடித்தே குடமும் அண்டாவும் ஆக்குகிறார்கள்.

செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடி விழுந்தால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் நழுவும், பிடியை விடாது. அதனால்தான் செம்பு உடையாமல் வளைகிறது. ஆனால் நழுவ நழுவ உள்ளே சிக்கல்கள் கூடி, அடுக்குகள் நகர முடியாமல் இறுகிவிடும். அதற்கு மேலும் அடித்தால் தகடு விரிசல் விடும். அந்த நிலை வருமுன் கன்னார் அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சுவார். அணுக்கள் மறுபடி ஒழுங்காக அமர, தகடு இளகிவிடும். திரும்ப அடி, திரும்ப நெருப்பு.

கடைசிச் சுற்று அடிக்குப் பிறகு மட்டும் காய்ச்சுவதில்லை. பாத்திரம் முழுக்க வரிசையாகத் தெரியும் குழிகள் அந்த அடியின் தடங்கள். அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. மெல்லிய தகடு எளிதில் நசுங்காமல் இருப்பதே அந்த அடியில் வந்த இறுக்கத்தால்தான். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: உலோகத்தின் கடினத்தன்மை, செய்பவர் கையில் இருக்கிறது.

நம் ஊர் செப்பு பாய்லரைப் போல இங்கும் குளிக்க வெந்நீர் போடும் பாத்திரம் உண்டு. நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். எவர்சில்வரைவிடச் செம்பு சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் சீக்கிரம் சுடும்.

சமையலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். புளியும் மோரும் பட்டால் செம்பு கரைந்து களிம்பு ஏறும், அது வயிற்றுக்கு ஆகாது. ஆகவே பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி உட்புறத்தைச் சுத்தப்படுத்தி, வெள்ளீயத்தை உருக்கிப் பூசுகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், செம்புக்கோ 1085 டிகிரி வேண்டும். அதனால் செம்புக்கு ஒன்றும் ஆகாது. பாட்டியின் ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான்; வெறுமனே அடுப்பில் வைத்தால் அது உருகிவிடுவது இவ்வளவு குறைந்த சூட்டிலேயே வெள்ளீயம் உருகுவதால்தான். உள்ளே ரசம் இருக்கும்வரை அதிலுள்ள தண்ணீர் சொம்பை 100 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும்.

வீட்டுச் செப்புப் பாத்திரங்களின் உள்ளே பார். பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிந்தால், மறுபடி வெள்ளீயம் பூசும்வரை அதில் புளிக்குழம்பு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
மாமா