பாலாற்றை அளக்கப் போகிறீர்களா?

ஆம்பூர் முதல் வேலூர் வரை பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். தண்ணீர் இல்லாத ஆற்றை அளப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் 1903-ல் வாணியம்பாடிக்குள் புகுந்து அழித்ததும், 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதும் இதே ஆறுதான். வெள்ளம் வந்தால் ஆறு கேட்கும் இடம் முழுவதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டை முதலில் எடுங்கள். பழைய எண் வரிசையில் ஆம்பூர் 57 எல்/9, வேலூர் 57 பி (P)/1.

• சமஉயரக் கோடுகளை ஒரு மீட்டர் அல்லது அரை மீட்டர் இடைவெளியில் போடுங்கள். டோப்போ ஷீட்டில் அது 20 மீட்டர். ஆம்பூருக்கும் வேலூருக்கும் உயர வித்தியாசமே சுமார் 100 மீட்டர்தான். படுகையின் மேடுபள்ளம் 20 மீட்டர் கோட்டில் சிக்காது.

• கிராமப் புலப்படத்தைப் பார்த்து, ஆற்றுப் புறம்போக்கின் எல்லையைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.

• 2021 வெள்ளம் எதுவரை ஏறியது என்று கரையோர விவசாயிகளிடம் கேளுங்கள். கோயில் படியையோ பம்புசெட் சுவரையோ கைகாட்டுவார்கள். அங்கே மட்டம் பிடித்துக் குறியுங்கள்.

• மணல் அள்ளிய பள்ளம், தடுப்பணை, தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து வரும் ஓடை எல்லாவற்றையும் பார்த்த தேதியோடு பதியுங்கள்.

• ட்ரோன் விடுமுன் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• சர்வே ஜிபிஎஸ் தரும் நீள்கோள உயரத்தைக் கடல்மட்ட உயரம் என்று எழுதாதீர்கள். இந்தப் பக்கம் அது 80 மீட்டருக்கும் மேல் குறைத்துக் காட்டும். பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டம் கொண்டு வாருங்கள். ரயில் நிலையப் பலகையில் உள்ள உயரம் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும்.

• பழைய டோப்போ ஷீட்டைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் அப்படியே பொருத்தாதீர்கள். எவரெஸ்ட் அளவைக்கும் டபிள்யூஜிஎஸ் 84-க்கும் நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். ஆற்றுக்குள் இருப்பது கரையில் போய் நிற்கும்.

• ட்ரோன் படத்தில் சீமைக்கருவேலத்தின் தலையைத் தரைமட்டமாகக் கணக்கிடாதீர்கள்.

• வறண்டு கிடக்கிறது என்று ஏரி வரத்துக்கால்வாயை விட்டுவிடாதீர்கள். வரைபடத்தில் இல்லாத கால்வாயில் வீடு முளைக்கும்.

• நீர்வரத்து இருக்கும் நாளில் படுகைக்குள் இறங்காதீர்கள். மணற்பள்ளத்தின் ஆழம் மேலிருந்து தெரியாது.

• வேலை முடிந்ததும் வரைபடத்தைப் பென்டிரைவிலேயே வைத்திருக்காதீர்கள். ஊராட்சிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்; மனைப்பிரிவு போடும்போது தேவைப்படுவது அங்கேதான்.