குறுக்குவிசைகளை மாற்றத் தொடங்கும் இளம் நிரலருக்கு



விசைப்பலகையில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்தோ அடுத்தடுத்தோ அழுத்தியதும் ஒரு கட்டளை நிறைவேறுமாறு செய்யும் ஏற்பாட்டைக் குறுக்குவிசை என்பர். நிரலர் நாள் முழுதும் புழங்கும் டெக்ஸ்ட் எடிட்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இக்குறுக்குவிசைகளை அவரவர் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வழியுண்டு. அவ்வுரிமை முழுவதையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடத் தூண்டும் ஆர்வம் இளம் நிரலருக்கு இயல்பானதே. ஆயினும், எந்த விசை பொதுவுக்கு உரியது, எது தனக்கென ஒதுக்கப்பட்டது, மாற்றத்தை எந்த அடுக்கில் செய்ய வேண்டும் என்பவற்றை அறியாமல் செய்யப்படும் மாற்றங்கள் சில மாதங்களில் செய்தவருக்கே விளங்காமற்போவது வழக்கம்.

இதற்கு ஈமாக்ஸ் எடிட்டரின் பிறப்பே சான்று. 1970களில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் டெக்கோ என்னும் எடிட்டர் வழக்கில் இருந்தது. எந்த விசையை அழுத்தினாலும், பயனர் எழுதிவைத்த மேக்ரோ, அதாவது தொடர்ச்சியாக இயங்கவேண்டிய கட்டளைகளின் தொகுப்பு, ஓடுமாறு செய்யும் வசதியை ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் சேர்த்தார். வசதி கிடைத்ததும் ஆளுக்கொரு விசைத்தொகுதி முளைத்தது. சக ஊழியரின் பிழையைத் திருத்த உதவிக்கு வந்து அமர்ந்தவர், அந்த முனையத்தில் எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாமல் ஒரு வரியைக்கூடத் திருத்த இயலாத நிலை உண்டாயிற்று. சிதறிக் கிடந்த இத்தொகுதிகளை ஒப்பிட்டு ஒரு பொது ஒழுங்குக்குக் கொண்டுவரும் பணியைக் கய் ஸ்டீல் தொடங்க, ஸ்டால்மன் அதை நிறைவேற்ற, 1976இல் ஈமாக்ஸ் உருவாயிற்று. விசைகளை விரும்பியவாறு மாற்றலாம் என்பதற்காகவே புகழப்படும் எடிட்டர், கட்டற்ற மாற்றத்தால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்கவே பிறந்தது என்பதை அதைக் கொண்டாடுவோர் பலர் எடுத்துச் சொல்வதில்லை.

அவ்வனுபவத்தின் பயனை ஈமாக்ஸின் விதிகளில் இன்றும் காணலாம். கண்ட்ரோல்-சி அழுத்தி, அதன்பின் ஓர் எழுத்தை அழுத்தும் சேர்க்கைகள் அனைத்தும் பயனருக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. எஃப்5 முதல் எஃப்9 வரையுள்ள விசைகளும் அவ்வாறே. ஈமாக்ஸுக்கான நீட்சிகளை எழுதுவோர் இவ்விடத்தில் தம் கட்டளைகளை வைக்கக்கூடாது என்பது எழுதப்பட்ட நெறி. விம் எடிட்டரில் இதற்கு நிகரானது லீடர் விசை. அது தனியே ஒன்றும் செய்யாமல், பயனர் தாமே வகுத்த சேர்க்கைகளுக்கு முன்னொட்டாக மட்டும் நிற்பது. வேறு விசை குறிக்கப்படாவிட்டால் பின்சாய்வுக்கோடு அப்பணியைச் செய்யும். பொதுவழியை அடைக்காமல் தன் மனைக்குள் வீடு கட்டுபவரைப் போல, இளம் நிரலர் தம் புதுச் சேர்க்கைகளை இவ்வொதுக்கீட்டுக்குள் அமைத்துக்கொண்டால், எடிட்டரின் அடுத்த பதிப்போ புதிதாக நிறுவிய நீட்சியோ அவற்றைக் கலைக்கும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

இயல்பாக அமைந்த விசைகளில் எதையும் தொடவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. பல விசைகள் இன்று புழக்கத்தில் இல்லாத விசைப்பலகைகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1976இல் பில் ஜாய் விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை எழுதப் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் ஹெச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையோ இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஈமாக்ஸ் வளர்ந்த காலத்து லிஸ்ப் எந்திரங்களின் விசைப்பலகைகளில் கண்ட்ரோல் விசை ஸ்பேஸ் பாரை ஒட்டியே இருந்ததால், கட்டைவிரலால் அதை எளிதாக அழுத்த முடிந்தது. விசைகள் இடம் மாறிய பின்னும் கட்டளைகள் மாறாததால், எஸ்கேப்புக்குக் கை மேல்மூலைக்குப் போகிறது. கண்ட்ரோலுக்குச் சுண்டுவிரல் வளைந்து வலிக்கிறது. இவ்வலி மாற்றத்துக்குத் தக்க காரணம். அதற்கான மருந்து எடிட்டருக்கு வெளியே இருக்கிறது. பெரிதும் பயன்படாத கேப்ஸ் லாக் விசையை இயங்குதளத்தின் அமைப்பிலேயே கண்ட்ரோலாகவோ எஸ்கேப்பாகவோ மாற்றிவிட்டால், எல்லாச் செயலிகளுக்கும் அந்த ஒரே மாற்றம் பயன்படும். எடிட்டரின் கட்டளை ஒன்றும் இடம் பெயர வேண்டியதில்லை.

அடுக்கு என்று மேலே குறித்தது இதனையே. அழுத்திய விசை இயங்குதளம், சாளர மேலாளர், முனையம் ஆகியவற்றைக் கடந்தே எடிட்டரை அடைகிறது. இடையில் எதுவும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். முனையத்துக்குள் ஓடும் விம்மில் கோப்பைச் சேமிக்கக் கண்ட்ரோல்-எஸ் வைத்தவர், அதை அழுத்தியதும் திரை உறைந்து நிற்பதைக் கண்டு எடிட்டர் பழுதாகிவிட்டதென்று எண்ணக்கூடும். உண்மையில், தரவின் ஓட்டத்தை நிறுத்திவைக்கும் பழைய தந்தித் தட்டச்சுக் காலத்துக் குறியாக முனையம் அதனை எடுத்துக்கொள்கிறது, கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் ஓட்டம் திரும்பிவிடும். அதுபோலவே, ஆங்கில நெடுங்கணக்கின் ஒன்பதாம் எழுத்தாகிய 'ஐ'யைக் கண்ட்ரோலுடன் அழுத்தினால் வழக்கமான முனையம் அனுப்புவது 9 என்னும் குறியீட்டெண். டேப் விசைக்கும் அதே எண்ணாதலால், ஒன்றை மாற்ற மற்றதும் கூடவே மாறிவிடுகிறது.

எடிட்டருக்குள்ளும் கண்ணிகள் உள. விம்மில் 'மேப்' என்னும் கட்டளை, மாற்றப்பட்ட விசையை மீண்டும் மாற்ற அட்டவணையில் தேடும் இயல்புடையது. அரைப்புள்ளியையும் முக்காற்புள்ளியையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்ற விரும்பி இரு 'மேப்' வரிகளை எழுதினால், முதலாவது இரண்டாவதை அழைக்க, அது முதலாவதை அழைக்க, இயல்பு நிலையில் ஆயிரம் சுற்று வரை போய்ப் பிழையில் முடியும். மறுதேடல் செய்யாத 'நோரீமேப்' இதற்கெனவே அமைந்தது. புதியவர் எப்போதும் அதையே எழுதுவது நலம்.

எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வெளியேற எஸ்கேப்புக்குப் பதிலாக ஜே விசையை இருமுறை தட்டும் பழக்கம் விம் பயனரிடையே பரவலாக உள்ளது. ஆங்கிலச் சொற்களில் அவ்விரட்டை அரிது என்பதே அதன் நியாயம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஜே விசை 'ப'வைத் தருவது. அதை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'ப்ப' வரும். அப்பா, இப்போது, தப்பு என்று வரிக்கு ஒருமுறை வேண்டப்படும் அவ்விரட்டையை வெளியேறும் வழியாக்குவது தமிழ் எழுதுபவருக்குப் பொருந்தாது. மேலும், இயங்குதளத்தில் தமிழ்99 இயங்கும்போது ஹெச், ஜே, கே, எல் ஆகியவை க, ப, ம, த என்றே எடிட்டரை வந்தடைவதால் விம்மின் நகர்வுக் கட்டளைகள் செயலற்றுப்போகின்றன. தமிழ் உள்ளீட்டை எடிட்டருக்குள்ளேயே வைத்துக்கொள்வது இதற்குத் தீர்வு: ஈமாக்ஸில் கண்ட்ரோலுடன் பின்சாய்வுக்கோடு அழுத்தி உள்ளீட்டு முறையை மாற்றலாம், கண்ட்ரோல் சேர்ந்த கட்டளைகள் அப்போதும் மாறாமல் இருக்கும், விம்மில் 'கீமேப்' என்னும் தெரிவு எழுதும் நிலைக்கு மட்டும் தமிழைத் தந்து, கட்டளை நிலையை ஆங்கிலத்திலேயே விட்டுவைக்கும்.

விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரில் விதிகள் ஒன்றோடொன்று மோதும் சிக்கல் குறைவு. அங்கே விதிகள் கீழிருந்து மேலாகப் பார்க்கப்பட்டு, முதலில் பொருந்துவது செயல்படுகிறது. பயனரின் விதிகள் இயல்பு விதிகளுக்குக் கீழே வைக்கப்படுவதால் அவையே வெல்லும். ஒவ்வொரு விதியோடும் 'வென்' என்னும் நிபந்தனையைச் சேர்த்து, எந்தச் சூழலில் மட்டும் அது செல்லும் என வரையறுக்கவும் முடியும். நிபந்தனையின்றி எழுதிய விதி, எடிட்டரில் மட்டுமன்றித் தேடல் பெட்டியிலும் குறுக்கிடும் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

மாற்றங்கள் அனைத்தையும் ஒரே அமைப்புக் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரிக் குறிப்பாக எழுதி வைப்பது போதுமானது; குறிப்பு எழுதக் காரணம் கிடைக்காத மாற்றத்தை அன்றே நீக்கிவிடலாம். பிறருடைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுப்பது வீண்வேலை. அதிலுள்ள விசைகள் அவர் கையின் வசதிக்கு அமைந்தவை. தொழிலில் நிலைக்க விரும்பும் இளைஞருக்கு, நள்ளிரவில் தொலைதூரச் சர்வர் ஒன்றில் வெறும் விஐயைத் திறந்து பிழை திருத்தவேண்டிய நாள் வந்தே தீரும். அங்கே தம் கோப்பு இராது. ஆகவே விம்மை 'கிளீன்' தெரிவுடனும் ஈமாக்ஸைக் கியூ தெரிவுடனும், அதாவது சொந்த அமைப்பு எதுவும் ஏறாமல், வாரத்தில் ஒரு பொழுதேனும் திறந்து வேலை செய்து பழகுமாறு இளம் நிரலர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.